காக்கிகளுக்கு நடுவே ஒரு விசில்

“சும்மா ஒரு ஃபிரண்ட்லி மேட்ச்தான் சார். நல்ல காரியத்துக்கு. நீங்க வந்து விசில் ஊதினா மட்டும் போதும்.”

இப்படி ஃபோன் வந்தால் நான் முதலில் கேட்பது, மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்குமா என்றுதான். ஒருமுறை அதற்கு வந்த பதில்: “நிக்கும் சார். ஆனா அந்த வண்டி ஆளுங்கதான் எதிர் டீம்ல ஆடுதாங்க.”

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாவட்ட அளவில் ஃபுட்பால் ரெஃபரி. பள்ளி ஆட்டம், கல்லூரி ஆட்டம், லீக் என்று ஓடிக்கொண்டிருந்த நாட்களிலேயே இந்த ஃபோன்களும் வர ஆரம்பித்துவிட்டன. ஆயுதப்படைக்கும் தீயணைப்புக்கும் ஒரு மேட்ச், காவல் நிலையத்தாருக்கும் 108 ஊழியர்களுக்கும் ஒரு மேட்ச், எப்போதாவது ஜெயில் வார்டர்களும் ஒரு அணி சேர்த்துக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊரின் அமைப்பு அப்படி. வ.உ.சி. மைதானத்திலிருந்து சைக்கிளை மிதித்தால் அரை மணி நேரத்துக்குள் மத்திய சிறை, ஆயுதப்படை மைதானம், தீயணைப்பு நிலையம், ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி எல்லாவற்றையும் சுற்றிவந்துவிடலாம். நடுவில் 1878-இல் தொடங்கிய யோவான் கல்லூரி, 1923-இல் தொடங்கிய சவேரியார் கல்லூரி, அவற்றைச் சுற்றிப் பள்ளிக்கூடங்கள், அத்தனைக்கும் மைதானம். காலேஜ் டீமில் லெஃப்ட் அவுட் ஆடின பையன் இரண்டு வருடம் கழித்து சிக்னலில் நின்றுகொண்டு என் ஸ்கூட்டருக்கு சல்யூட் வைப்பான். ஹெல்மெட் போடவில்லையென்றால் சல்யூட் வைத்துவிட்டு அபராதமும் எழுதுவான்.

நல்ல காரியம் என்று அவர்கள் சொல்வது எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆண்டில் பணிக்குச் சேர்ந்த காவலர்கள், தங்களில் ஒருவர் பணிக்காலத்தில் இறந்துபோனால் தலைக்கு இவ்வளவு என்று போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கிற வழக்கம் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ‘பேட்ச்’ என்பார்கள். வாட்ஸ்அப் வந்தபிறகு அது வேகம் பிடித்தது. பெரும்பாலும் மாரடைப்பும் சாலை விபத்தும்தான். எங்கள் பக்கத்தில் வேறு விதமான சாவும் உண்டு. 2018 மே மாதம் நாங்குநேரி வட்டாரத்தில் மணல் கடத்தலைத் தடுக்கப்போன காவலர் கொல்லப்பட்டார். 2020 ஆகஸ்டில் வல்லநாட்டுப் பக்கம் தேடப்பட்ட ஒரு ரவுடியைப் பிடிக்கப்போன தனிப்படைக் காவலர் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். அதே ஆண்டு தீபாவளி சமயத்தில், மதுரையில் ஜவுளிக்கடையில் பிடித்த தீயை அணைக்கப்போன தீயணைப்பு வீரர்கள் 2 பேர் கட்டடம் இடிந்து விழுந்ததில் இறந்தார்கள். அரசாங்கம் கொடுப்பதைக் கொடுக்கும். அது ஒரு பக்கம். கூட வேலை பார்த்தவனுக்கு, தானும் ஏதாவது செய்தோம் என்று இருக்கவேண்டும். அந்த அவஸ்தையில் பிறப்பவைதான் இந்த மேட்சுகளில் பாதி.

மீதிப் பாதி, தேதிக்கு வருபவை. அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையின் தாக்குதலில் மாண்ட 10 காவலர்களின் நினைவு. ஏப்ரல் 14 தீயணைப்புத் துறையின் நீத்தார் நினைவு நாள். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் வெடித்தபோது 60-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் இறந்த நாள் அது. காலையில் மலர்வளையம், சாயங்காலம் மேட்ச். ஏப்ரல் வெயிலில் பாளையங்கோட்டைச் செம்மண் நாலரை மணிக்கும் அனல் கக்கும். அதற்கு ஈடாக இடைவேளையில் பதநீர் கிடைக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நல்ல காரியத்துக்கான ஆட்டம் என்றால் ரெஃபரி கொஞ்சம் கண்டும் காணாமல் இருக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது சரியென்று பட்டதே கிடையாது. லீக் ஆட்டத்தில் நான் விட்டுவிடுகிற சில்லறை ஃபவுல்களைக்கூட இந்த ஆட்டங்களில் முதல் பத்து நிமிடம் விடமாட்டேன். லீக்கில் ஆடுகிறவனுக்கு விழத் தெரியும், மோதத் தெரியும், எப்போது காலை இழுத்துக்கொள்ளணும் என்று உடம்புக்கே தெரியும். நாற்பத்தைந்து வயதில், இரவு ரோந்து முடித்துவிட்டு, கடன் வாங்கின ஸ்டட் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்குகிற ஏட்டையாவுக்கு அது எதுவும் தெரியாது. மனசு மட்டும் இருபது வயதில் நின்றுபோயிருக்கும். அந்த மனசு பந்தைப் பார்த்துப் பாயும், உடம்பு ஒரு நொடி பிந்திப் போய்ச் சேரும். அந்த ஒரு நொடியில்தான் எதிராளியின் முழங்கால் இருக்கும்.

அந்த முழங்காலுக்கு உரியவன் மறுநாள் காலை ஏணி ஏறவேண்டியவன், அல்லது ஸ்ட்ரெச்சர் தூக்கவேண்டியவன். உதவி நிதி திரட்டப்போய் இன்னொரு குடும்பத்துக்கு நிதி திரட்டும்படி ஆகிவிடக்கூடாது அல்லவா? ஆகவே ஆட்டவிதியில் எதை வளைக்கலாம், எதை வளைக்கக்கூடாது என்பதை மைதானத்துக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்து இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவிடுவேன்.

வளைக்கலாம் என்பதற்கு விதியே இடம் கொடுக்கிறது. விதிகளை எழுதுகிற சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம் 1886-லிருந்து இருக்கிறது. லேசில் எதையும் மாற்றாத சபை. அவர்களே சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்ட ஆட்டங்களுக்கு மட்டும் சில சலுகைகளை எழுதி வைத்திருக்கிறார்கள். நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வெளியே போனவன் மறுபடி உள்ளே வரலாம். மஞ்சள் அட்டை வாங்கினவனைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைத்து அனுப்பலாம். நான் பாதிக்கு 25 நிமிடம் வைப்பேன். மாற்று ஆட்டக்காரர் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம், போகலாம். மூச்சு வாங்குகிறவன் வெட்கப்படாமல் வெளியே போகவேண்டும் என்பதுதான் கணக்கு. மாரடைப்பில் போன தோழனுக்காக ஆடுகிற இடத்தில் இதை நான் விளக்கிச் சொன்னதே இல்லை, அவர்களுக்கே புரியும்.

ஆஃப்சைடை எடுத்துவிடலாமே என்று ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்பார்கள். ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எடுத்துவிட்டால் தொப்பை போட்ட ஒரு ஐயா எதிர்க் கோலிக்குப் பக்கத்திலேயே ஐம்பது நிமிடமும் நின்றுவிடுவார். பந்து அவரிடம் வந்தே தீரும், காரணம் பந்தைக் கொடுக்கிறவன் அவருடைய டிரைவர்.

பின்னாலிருந்து சறுக்கிக் காலை நீட்டுவது மட்டும் என் ஆட்டத்தில் கிடையவே கிடையாது. விதிப்புத்தகம் ஃபவுலை மூன்று தரமாகப் பிரிக்கிறது. கவனம் தவறினால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் மோதினால் மஞ்சள். தேவைக்கு மீறின பலம் என்றால் சிவப்பு. இந்த மேட்சுகளில் ஒவ்வொன்றையும் ஒரு படி மேலே வைத்துப் பார்ப்பேன் என்று டாஸ் போடும்போதே சொல்லிவிடுவேன். புத்தகத்தில் அப்படி இல்லை என்று ஒரு எஸ்.ஐ. வாதாடினார். சட்டம் படித்தவர். “நீங்க எஃப்.ஐ.ஆர். போடும்போது எந்த செக்‌ஷன்னு நீங்கதானே சார் முடிவு பண்றீங்க?” என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

டாஸ் என்றதும் காற்று ஞாபகம் வருகிறது. ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் டாஸ் ஜெயிப்பதுதான் பாதி ஆட்டம். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் புகுந்து வருகிற மேல்காற்று, கோலி உதைத்த பந்தைத் திரும்ப அவன் கைக்கே கொண்டுவந்து கொடுக்கும். வெளியூர் அதிகாரி ஒருவர் டாஸ் ஜெயித்துக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் கேட்டார். இரண்டாவது பாதியில் சாதகமாக இருக்குமாம். ஆடிக்காற்று ஆறு மணிக்குமேல் அடங்கும் என்பதை அவர் அணியின் உள்ளூர்ப் பையன்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஐயா கேட்டுவிட்டார், பிறகு யார் போய்ச் சொல்வது?

இந்த ஆட்டங்களில் ரெஃபரிக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பதவி. சட்டையைக் கழற்றி ஜெர்சி மாட்டினாலும் தோளில் இருக்கிற நட்சத்திரம் கூடவே இறங்கிவரும். இன்ஸ்பெக்டர் பந்தோடு வந்தால் எதிர்ப்பக்கத்துக் காவலன் விலகி வழிவிடுவான். சொந்தப் பக்கத்துக்காரன் காலியாக நின்றாலும் பந்து கேட்டுக் கத்தமாட்டான். தீயணைப்புக்காரர்கள் இதில் தேவலை. ஒரே குழாயைச் சேர்ந்து பிடித்துப் பழகியவர்கள், நிலைய அலுவலரையும் “சார், லெஃப்ட்ல விடுங்க” என்று சத்தம் போட்டே கேட்பார்கள். ஒரு அழைப்புக்குப் போனால் யார் முன்னால், யார் பின்னால் என்பது அவர்களுக்கு உயிர் விஷயம். ஆட்டத்திலும் அது தெரியும், இடம் மாறாமல் நிற்பார்கள். ஆயுதப்படைப் பையன்கள் ஓடுவார்கள், ஓடுவார்கள், ஓடிக்கொண்டே இருப்பார்கள், பந்து எங்கே என்று பார்க்கமாட்டார்கள். ஸ்டேஷன் டியூட்டிக்காரர்களுக்கு ஓட்டம் கிடையாது. ஆனால் ஆள் எந்தப் பக்கம் திரும்புவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். தொழில் அப்படி. 108 பையன்கள் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். ஆட்டம் சுமார்தான். ஆனால் எவன் கீழே விழுந்தாலும், அவன் எந்த அணி என்றாலும், பந்தை விட்டுவிட்டு அவனிடம்தான் ஓடுவார்கள். எதிரணி அந்த நேரத்தில் கோல் போட்டதும் உண்டு. கோல் செல்லும் என்றுதான் விசில் ஊதினேன். நான் ஆட்டத்தை நிறுத்தாதவரை ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

பதவி விஷயத்தில் எனக்கு ஒரு வழி உண்டு. ஆட்டம் தொடங்கின சில நிமிடங்களுக்குள், களத்தில் இருப்பதிலேயே பெரிய அதிகாரி யாரோ அவர் செய்கிற முதல் ஃபவுலை ஊதிவிடவேண்டும். சின்ன ஃபவுலாக இருந்தாலும் சரி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி நீளமாக ஊதவேண்டும். ஊதிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது, பந்து வைக்கிற இடத்தைக் கையால் காட்டிவிட்டு நகர்ந்துவிடவேண்டும். அந்த விசிலுக்கு அவர் தலையாட்டிப் பின்வாங்கினார் என்றால் மற்ற இருபத்தொரு பேருக்கும் அது உத்தரவு. அப்புறம் காவலன் துணிந்து டேக்கிள் போடுவான். நல்ல அதிகாரிகள் இதைப் புரிந்துகொள்வார்கள். ஒருவர் இடைவேளையில் பதநீர்ப் பட்டையோடு வந்து, “என்னைத்தான முதல்ல பிடிக்கணும்னு வந்தீங்க?” என்று கேட்டார். “ஆமா சார்” என்றேன். “கரெக்ட். இல்லேன்னா இவனுவ ஆடமாட்டானுவ” என்றார்.

எல்லோரும் அப்படி இல்லை. மஞ்சள் அட்டை காட்டினதும், “என்னய்யா, யார்கிட்ட காட்டுதீரு?” என்று மூக்கில் முட்டுகிற தூரத்துக்கு வந்த பெரியவர்களும் உண்டு. அப்போது பேசக்கூடாது. ஒரு அடி பின்னால் வைத்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, நம்பரை நிதானமாக எழுதவேண்டும். எழுதுகிறதைப் பார்த்தால் போலீஸ்காரர் எவரும் அமைதியாகிவிடுவார். எழுத்தில் ஏறியதன் கனம் அவர்களுக்குத் தெரிகிறமாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

அந்த அட்டைக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின காலிறுதியில், ஜெர்மன் ரெஃபரி க்ரைட்லைன் அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை வெளியே போகச் சொன்னார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. ரத்தீன் போகமாட்டேன் என்று நின்றார். அந்தக் கோப்பைக்கு ரெஃபரிகளைக் கவனித்துக்கொண்ட கென் ஆஸ்டன் இதையே நினைத்துக்கொண்டு லண்டனில் காரோட்டிப் போகும்போது சிக்னல் மஞ்சளாகி, சிவப்பாகியது. மொழி வேண்டாத உத்தரவு. 1970-இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்துவிட்டன. இதை நான் டிராஃபிக் பிரிவு அணியிடம் சொன்னபோது, வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் நிற்கிற ஒரு காவலர் சொன்னார்: “அங்க மஞ்சளப் பார்த்தா நிப்பானுவளா சார்? இங்க மஞ்சளப் பார்த்தாத்தான் முறுக்குவானுவ.” அடுத்த பாதியில் அவருக்கே மஞ்சள் காட்டவேண்டி வந்தது. நின்றார்.

விசிலும் அப்படித்தான், இரண்டு தொழிலுக்கும் பொது. பர்மிங்காமைச் சேர்ந்த ஜோசப் ஹட்சன் 1883-இல் லண்டன் போலீசுக்கு விசில் செய்து கொடுத்தார். அடுத்த வருடம் அவர் செய்ததுதான் உள்ளே உருண்டை உருளுகிற தண்டரர் விசில். ரெஃபரிகள் ஒரு நூற்றாண்டு அதைத்தான் ஊதினார்கள். நானும் ஊதியிருக்கிறேன். எச்சில் பட்டு, செம்மண் தூசி புகுந்து அந்த உருண்டை சிக்கிக்கொண்டால் முக்கியமான நேரத்தில் ஊமையாகிவிடும். 1987-இல் கனடாவின் கூடைப்பந்து ரெஃபரி ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் உருண்டை இல்லாத ஃபாக்ஸ் 40-ஐக் கொண்டுவந்தார். அதற்கு மாறினேன். மாறினதில் கூடுதல் லாபம் ஒன்று. மைதானத்தைச் சுற்றி டியூட்டியில் நிற்கிற காவலர் யாராவது கூட்டத்தை ஒதுக்க விசில் ஊதினால் ஆட்டக்காரர்கள் நின்றுவிடுகிற தொல்லை இருந்தது. ஃபாக்ஸின் கூர்மையான சத்தம் தனியாகத் தெரியும்.

ஆட்டத்துக்கு முன்னால் உடை பரிசோதனை. வேறு ஊரில் இது ஒரு நிமிட வேலை, எங்கள் ஊரில் கவனமாகச் செய்யவேண்டிய வேலை. நான்காவது விதிப்படி மோதிரம், சங்கிலி, காப்பு, ரப்பர் பட்டை எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, மேலே பிளாஸ்திரி ஒட்டி மறைக்கவும் கூடாது. கையில் கட்டின கயிறு? கோயில் கயிறு என்றால் சின்னதாக முணுமுணுப்பார்கள். ஆனால் திருநெல்வேலியில் கலர் கயிறு என்றால் அதற்கு வேறு அர்த்தம் இருப்பது பள்ளிக்கூட வாத்தியார் எல்லோருக்கும் தெரியும். எந்த நிறம் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பையன் சொல்லுவான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. நான் அதற்கு வெகுகாலம் முன்பே கால்பந்து விதியைக் காட்டி மைதானத்தில் கழற்றச் சொல்லிவந்தவன். காக்கிக்காரர்களிடமும் அதே பேச்சுதான். எந்தக் கயிறு, யார் கட்டினது என்று கேட்கமாட்டேன். கத்தரிக்கோலைப் பையில் வைத்திருப்பேன். கோயில் கயிறோ, மற்றதோ, எல்லாம் கோல்போஸ்ட் பக்கத்து டப்பாவுக்குள் போகும். ஆட்டம் முடிந்து சிலர் தேடி எடுத்துப் போவார்கள், சிலர் மறந்துவிடுவார்கள்.

தீயணைப்பு அணி ஆடினால் ஒரு வண்டி மைதானத்து வாசலைப் பார்த்து நிற்கும். டியூட்டியில் இருப்பவர்கள் ஆடக்கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் பெரிய அழைப்பு வந்தால் ஓய்வில் இருக்கிறவனும் ஏறிவிடுவான். ஒரு ஏப்ரல் சாயங்காலம், இரண்டாவது பாதி பாதியில், வண்டியிலிருந்து ஹாரன். வைக்கோல் படப்பு, பக்கத்தில் வீடுகள். விசில் ஊதக்கூட நேரமில்லை. ஐந்து பேர் பூட்ஸோடு ஓடி வண்டியில் தொற்றினார்கள். பந்து நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஆறு பேர், பெஞ்சில் ஒருவரும் இல்லை.

ஒரு பக்கத்தில் ஏழு பேருக்குக் கீழே போய்விட்டால் ஆட்டத்தைத் தொடரக்கூடாது, அது மூன்றாம் விதி. கைவிடப்பட்டது என்று எழுதிவிட்டுக் கிளம்பலாம். மேடையில் இறந்துபோனவரின் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள், காசோலையைக் கடைசி விசிலுக்குப் பிறகுதான் கொடுப்பதாக ஏற்பாடு. போலீஸ் கேப்டன் என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, எங்க பெஞ்சுல அஞ்சு பேர் சும்மா இருக்கானுவ. அவங்க ஜெர்சிய மாட்டி அந்தப் பக்கம் நிக்கட்டுமா?” விதிப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. சரி என்றேன்.

ஆனால் ஆடுகிறவனுக்கு ஆட்டம் ஆட்டம்தான். தீயணைப்புச் சட்டை மாட்டின ஆயுதப்படைப் பையன் ஒருவன், எந்தப் பக்கத்திலிருந்து வந்தானோ அதே பக்கத்துக்கு எதிராக இருபது கஜத்திலிருந்து ஒன்று வைத்தான் பாருங்கள், கோலி அசையவில்லை. அதோடு ஆட்டம் 2-1, தீயணைப்புக்கு வெற்றி. போலீஸ் பக்கத்தில் நான்கு பேர் அவனைத் திட்டினார்கள், இரண்டு பேர் கைதட்டினார்கள். படப்பை அணைத்துவிட்டுக் கரிமுகத்தோடு திரும்பி வந்தவர்கள், தாங்கள் இல்லாதபோது ஜெயித்துவிட்டதாகக் கேட்டு, அந்தக் கோலைத் தங்கள் கணக்கில் எழுதக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார்கள். போலீஸ்காரர்கள், இல்லை, எழுதித்தான் ஆகணும் என்றார்கள். என் நோட்டில் சட்டை நிறம்தான் கணக்கு. தீயணைப்பு 2 என்றே எழுதினேன்.

2023 டிசம்பர் 17, 18-ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளும் வண்ணாரப்பேட்டைக்குள்ளும் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். படகு ஓட்டினவர்கள், கயிறு கட்டிக் கிழவிகளைத் தூக்கினவர்கள், எல்லோரும் நான் மஞ்சள் காட்டின ஆட்கள். அவர்களிலேயே பலர் வீட்டில் பிள்ளைகளின் புத்தகம் முதல் அரிசி வரை எல்லாம் போயிருந்தது. அதற்குப் பிறகு நடந்த ஒரு மேட்ச் அந்த வீடுகளுக்காகவே. வெள்ளத்தில் ஒரே படகில் போன போலீசும் தீயணைப்பும் எதிரெதிரே நின்றார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடுவார்கள் என்று நினைத்துத்தான் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். எனக்கு ஏழு மஞ்சள் காட்டவேண்டி வந்தது. ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் ஒளிவுமறைவில்லாமல் மோதுவார்கள்.

பணம் எப்படிச் சேர்கிறது என்பதைப் பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. காக்கிச் சட்டை போட்டவர் ரசீதுப் புத்தகத்தோடு கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் கொடுப்பதற்குப் பெயர் நன்கொடை இல்லை. 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அனுமதி இல்லாமல் நிதி வசூலிக்கக்கூடாது என்றே சொல்கின்றன. இந்த ஆட்டங்களில் உருப்படியாக நடந்தவை எல்லாம், ஆடுகிறவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து போட்டுத் தொடங்கியவைதான். ஜெர்சிக்கு ஒரு பழைய ஆட்டக்காரர், பந்துக்கு ஒரு டாக்டர், டிக்கெட் விற்க என்.எஸ்.எஸ். மாணவர்கள், ரசீதில் கையெழுத்துப் போட ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர். சேர்ந்த பணம் மைதானத்திலேயே மைக்கில் வாசிக்கப்படவேண்டும், அன்றைக்கே. இப்படி இல்லாமல், கடைத்தெருவில் வசூல் என்று தெரிந்தால் நான் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

ரெஃபரிக்குக் கூலி? இலவசமாக வாருங்கள் என்றுதான் கேட்பார்கள். நான் மாவட்ட லீக்குக்கு என்ன தருவார்களோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்வேன், லைன்மேன்கள் இருவருக்கும் சேர்த்து. வாங்கி, எண்ணி, அதே மேசையில் நன்கொடையாகப் போட்டு ரசீது வாங்குவேன். சுற்றி வளைத்துச் செய்வதாகச் சிலர் சிரிப்பார்கள். சும்மா வந்த ரெஃபரியின் விசிலையும் சும்மாவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அனுபவத்தில் கண்டது.

2021 நவம்பரில் காவலர்களுக்கு வார விடுமுறை என்று அரசாணை வந்தபிறகு ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பது கொஞ்சம் லேசாகியிருக்கிறது. அதுவும் பந்தோபஸ்து வராத வாரமாக இருந்தால். இளம் காவலர்களில் நன்றாக ஆடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கேரளா போலீஸ் 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கதையை அவர்களிடம் சொல்வேன். சத்யன், பாப்பச்சன், ஐ.எம். விஜயன் எல்லோரும் காக்கிக்காரர்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன்தான் அந்த விஜயன். எங்கள் பையன்களுக்கு விஜயன் தெரியாது, மெஸ்ஸி தெரியும். பரவாயில்லை.

எனக்கு இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. ஆட்டத்தோடு ஓடாத ரெஃபரி தள்ளி நின்று தப்பான இடத்தைக் காட்டுவான். ஆகவே என்னிடம் படித்த பெண் ஒருத்தியைக் கொண்டுபோய் விட்டேன். மாநில அளவில் ஆடினவள், ரெஃபரி பரீட்சை எழுதித் தேறினவள். அவளுக்கு முதல் காக்கி மேட்ச். நான் வெளியே பெஞ்சில். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து காலை விட்டார். நான் சொல்லிக்கொடுத்தது நீள விசில். அவள் நீள விசிலோடு மஞ்சளையும் காட்டி, பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். அவர் நேரே என்னிடம் வந்தார்.

“என்ன சார், உங்க ஸ்டூடண்டு இப்படிப் பண்ணுது? முதல் ஃபவுலுக்கே வெளியவா?”

“பெஞ்சு இந்தப் பக்கம் இருக்கு சார்” என்றேன். “உட்காருங்க. ஒன்பதரை நிமிசம்தான் பாக்கி.”

உட்கார்ந்தார். மூன்று நிமிடம் பேசவில்லை. அப்புறம், ஜெர்சி தைக்கிற கடைக்காரர் கேட்டிருக்கிற கூலி அநியாயம், அதைக் குறைத்தால் குடும்பத்துக்கு இன்னும் இரண்டாயிரம் சேரும், யாரிடம் பேசலாம் என்று ஆரம்பித்தார். நீங்கள் பேசக்கூடாது, வங்கிக்காரரைப் பேசச் சொல்லுவோம் என்றேன். அதற்குள் அவர் பக்கத்துக் கோலி பந்தைக் கைநழுவவிட, “ஏலே, பிடில!” என்று எழுந்து கோட்டுக்கு ஓடினார். அந்தப் பெண் ஐம்பது கஜம் தள்ளி நின்று, கைக்கடிகாரத்தைக் காட்டி, இன்னும் நேரம் இருக்கிறது, பெஞ்சுக்குப் போங்கள் என்று சைகை செய்தாள்.